ஒருசந்தியும் தெளிந்த புத்தியும்

தபசுகாலம் வந்தால் நம் வீடுகளில் இருவகைப் பேச்சுக் கேட்கும். "ஒருசந்தி இருந்தால் உடம்பு இலேசாகிறது, புத்தி தெளிகிறது, செபத்தில் மனம் நிற்கிறது" என்பார் வீட்டுப் பெரியவர். "காலையில் சாப்பிடாமல் போனால் கணக்குப் போட வரவில்லை, தலை வலிக்கிறது, யாரைக் கண்டாலும் எரிச்சல் வருகிறது" என்பான் காலேஜில் படிக்கும் பிள்ளை. நம் நாட்டுப் பழமொழிகளும் இப்படியே இரண்டு பக்கம் நிற்கின்றன. லங்கணம் பரம ஔஷதம் என்று ஒன்று சொல்ல, பசி வந்தால் பத்தும் பறக்கும் என்று மற்றொன்று சொல்லுகிறது. இவற்றில் எது மெய்? உபவாசம் மூளைக்கு நன்மை செய்கிறதா, தீமை செய்கிறதா? திருச்சபையின் போதனையையும் வைத்திய சாஸ்திரத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைச் சற்று நிதானமாய் ஆராய்வோம்.

1. ஒருசந்தி எதற்காக?

13-ம் நூற்றாண்டில் வாழ்ந்த வேதபாரகர் அக்குவினோ அர்ச். தோமாஸ், தமது பெரிய தேவசாஸ்திர நூலில் உபவாசத்துக்கு மூன்று நோக்கங்களைக் குறிப்பிடுகிறார். முதலாவது, சரீர இச்சைகளை அடக்குவது. இரண்டாவது, மனம் பரலோக காரியங்களைத் தியானிக்கத் தடையின்றி எழும்புவது. மூன்றாவது, பாவங்களுக்குப் பரிகாரம் செய்வது. ஆகையால் மனத்தெளிவைப் பற்றிய பேச்சு இன்றைய பத்திரிகைகள் கண்டுபிடித்த புதுமையல்ல. உபவாசத்துக்கும் புத்திக்கும் சம்பந்தம் உண்டென்று திருச்சபை ஆதிமுதல் அறிந்திருக்கிறது.

ஆனால் அதே அர்ச். தோமாஸ் ஓர் எல்லையும் வைக்கிறார். ஒருவன் தான் செய்யவேண்டிய கடமையைச் செய்யச் சக்தியற்றுப் போகும் அளவுக்கு உணவைக் குறைப்பது சரியான புத்திக்கு ஒவ்வாது என்கிறார். புத்தியைத் தெளிவிக்க வந்த உபவாசம் புத்தியின் கட்டளைக்கே கீழ்ப்பட்டிருக்க வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தை மனதில் பதித்துக்கொண்டால் மற்றவை யாவும் எளிதில் விளங்கும்.

2. மூளை எதை உண்கிறது?

வளர்ந்த மனிதனின் மூளை ஏறக்குறைய 1,400 கிராம் எடையுள்ளது. உடலின் எடையில் அது நூற்றில் 2 பங்கு மட்டுமே. ஆயினும் சும்மா இருக்கும்போது உடல் செலவிடும் சக்தியில் நூற்றில் 20 பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. நாம் தூங்கினாலும் அது தூங்குவதில்லை. இதன் வழக்கமான ஆகாரம் குளுக்கோஸ் என்னும் சர்க்கரை. நாளொன்றுக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் மூளைக்கு மட்டும் செலவாகிறது.

அப்படியானால் சாப்பிடாத நாளில் மூளை பட்டினி கிடக்குமா? இல்லை. சர்வேசுரன் மனித சரீரத்தை அவ்வளவு அஜாக்கிரதையாகப் படைக்கவில்லை. குடும்பத் தலைவி குதிரில் நெல் சேமிப்பதுபோல, கல்லீரல் கிளைக்கோஜன் என்ற உருவில் சுமார் 100 கிராம் சர்க்கரையைச் சேமித்து வைத்திருக்கிறது. உணவு வராதபோது இந்தக் குதிர் திறக்கப்படுகிறது. ஏறக்குறைய ஒரு நாளில் அது காலியாகிவிடும். இதற்கிடையில், தசையிலுள்ள புரதம் முதலியவற்றிலிருந்து கல்லீரல் புதிதாகச் சர்க்கரை தயாரிக்கத் துவங்குகிறது. உடம்பின் கொழுப்பும் கரையத் துவங்குகிறது. கொழுப்பிலிருந்து கல்லீரல் கீட்டோன் என்னும் பொருள்களைச் செய்து இரத்தத்தில் விடுகிறது.

வெகுகாலம் வரையில், மூளை குளுக்கோஸைத் தவிர வேறெதையும் தொடாது என்றே வைத்தியர்கள் எண்ணியிருந்தார்கள். 1967-ம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜார்ஜ் கேஹில் என்ற வைத்தியரும் அவருடைய தோழர்களும் இந்த எண்ணத்தை மாற்றினார்கள். மிகுந்த பருமனுள்ள மூவர் ஆஸ்பத்திரியில் வைத்தியர்களின் கண்காணிப்பில் ஐந்து ஆறு வாரம் உணவின்றி இருந்தபோது, அவர்களுடைய மூளைக்குச் செல்லும் இரத்தத்தையும் மூளையிலிருந்து திரும்பும் இரத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மூளைக்கு வேண்டிய சக்தியில் மூன்றில் இரண்டு பங்கைக் கீட்டோன்களே கொடுத்து வந்தன! பஞ்சத்திலும் நோயிலும் மனிதன் வாரக்கணக்கில் தன் அறிவை இழக்காமல் பிழைத்திருப்பது இந்த ஏற்பாட்டினால்தான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கீட்டோன்கள் இரத்தத்தில் நன்றாய்ப் பெருகுவதற்கு இரண்டு மூன்று நாள் முழு உபவாசம் வேண்டும். திருச்சபையின் ஒருசந்தியோ ஒருநாள் காரியம். அதிலும் ஒருவேளை நிறையச் சாப்பிடுகிறோம், மற்ற இரு வேளையிலும் சிறிது ஆகாரம் கொள்ள அனுமதி உண்டு. ஆகையால் விபூதிப் புதனிலும் பெரிய வெள்ளியிலும் நம் மூளை வழக்கமான சர்க்கரையைக் கொண்டே வேலை செய்கிறது. ஒருசந்தியினால் கீட்டோன் பெருகி அறிவு கூர்மையாகிறது என்று யாராவது சொன்னால் அதை நம்பவேண்டியதில்லை.

3. அறிவு கூடுகிறதா, குறைகிறதா?

இதைப் பற்றி நடந்த எழுபதுக்கு மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசிய ஓர் அறிக்கை 2025-ம் ஆண்டில் வெளியாயிற்று. 3,400-க்கு மேற்பட்டவர்கள் அந்த ஆய்வுகளில் பங்குபெற்றிருந்தார்கள். ஞாபகசக்தி, கவனம், தீர்மானம் செய்யும் திறமை ஆகியவற்றைப் பலவிதமாய்ப் பரீட்சித்தார்கள். கண்ட முடிவு என்னவென்றால், ஆரோக்கியமான வளர்ந்தவர்கள் ஏறக்குறைய அரைநாள் சாப்பிடாமலிருப்பதால் அவர்களுடைய புத்தி சொல்லத்தக்க அளவு மங்குவதுமில்லை, கூர்மையாவதுமில்லை. ஆனால் இரண்டு விசேஷங்கள் தென்பட்டன. சிறுவர்களும் வாலிபப் பருவத்தினரும் பசியோடிருக்கையில் பரீட்சைகளில் பின்தங்கினார்கள். உணவுப் பதார்த்தங்களின் படங்களோ பெயர்களோ பரீட்சையில் இடம்பெற்றபோது, பசித்தவர்களின் கவனம் அதிகம் சிதறிற்று.

ஆகவே பெரியவர் சொன்னதும் பிள்ளை சொன்னதும் இரண்டுமே பொய்யல்ல. ஆனால் இருவரும் காரணத்தைச் சரியாய் அறியவில்லை.

பெரியவருக்குக் கிடைக்கும் தெளிவு எங்கிருந்து வருகிறது? வயிறு முட்டச் சோறு உண்டபின் வரும் மந்தம் அன்று இல்லை. சமைக்கவும் உண்ணவும் செலவாகும் நேரம் மிச்சப்படுகிறது. வீண்பேச்சும் வேடிக்கையும் குறைகின்றன. எல்லாவற்றிற்கும் மேலாக, "இன்று நான் சேசுநாதருடைய பாடுகளைத் தியானிக்கப்போகிறேன்" என்ற தீர்மானத்தோடு காலையில் எழுந்திருக்கிறார். மனதை ஒரே இடத்தில் நிறுத்துவது அந்தத் தீர்மானம். தீர்மானமின்றிச் சோறு கிடைக்காமல் இருப்பவனுக்கு அந்தத் தெளிவு வருவதில்லை. ஏழையின் பட்டினியை ஒருவரும் ஒருசந்தி என்று சொல்லமாட்டார்கள்.

பிள்ளையின் தலைவலி எங்கிருந்து வருகிறது? அநேக சமயங்களில் அது பசியினால் வருவதே இல்லை, காப்பி குடியாததால் வருகிறது! தினந்தோறும் இரண்டு மூன்று தம்ளர் காப்பி குடித்துப் பழகியவர்கள் அதைத் திடீரென்று நிறுத்தினால், 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலியும் சோர்வும் சிடுசிடுப்பும் தோன்றுவது வைத்தியர்கள் நன்றாய் அறிந்த விஷயம். தண்ணீர் குடியாமலிருப்பதும் இன்னொரு காரணம். மாசி, பங்குனி வெயிலில் தண்ணீரும் குடியாமல் சிலுவைப்பாதைக்கு வந்து மயங்கி விழுவதைப் புண்ணியம் என்று எண்ணவேண்டாம். தண்ணீர் ஒருசந்தியை முறிப்பதில்லை. காப்பி, தேநீர் போன்ற பானங்களும் முறிப்பதில்லை என்பதே வேதசாஸ்திரிகளின் பொதுவான கருத்து. காப்பியையும் ஒறுத்தலாக விட விரும்புகிறவர்கள் ஒரு வாரம் முன்னதாகவே கொஞ்சம் கொஞ்சமாய்க் குறைத்து வரட்டும்.

4. அளவு மீறினால் வரும் கேடு

இரண்டாம் உலக யுத்தத்தின் கடைசிக் காலத்தில், 1944 நவம்பர் முதல் 1945 டிசம்பர் வரை, அமெரிக்காவிலுள்ள மின்னசோட்டா சர்வகலாசாலையில் ஓர் அபூர்வமான பரிசோதனை நடந்தது. மனச்சாட்சியின் காரணமாய் ஆயுதம் ஏந்த மறுத்த 36 வாலிபர்கள், யுத்தத்தால் பட்டினி கிடந்த ஜனங்களுக்கு எப்படி உதவி செய்வதென்று உலகம் அறிந்துகொள்ளும்படி, தங்களையே ஒப்புக்கொடுத்தார்கள். ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி 24 வாரம் அவர்களுக்கு அரைவயிற்று உணவே கொடுத்தார். அவர்கள் எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்தது.

அவர்களுடைய மனம் என்னவாயிற்று? அறிவுப் பரீட்சைகளில் பெரிய வீழ்ச்சி காணப்படவில்லை. ஆனால் சிரிப்பு மறைந்தது. சிநேகம் குளிர்ந்தது. சின்னக் காரியத்துக்கும் கோபம் வந்தது. புத்தகத்தைத் திறந்தால் மனம் நிற்கவில்லை. பகலெல்லாம் உணவைப்பற்றிய எண்ணம். சிலர் சமையல் புத்தகங்களை வாங்கிச் சேர்த்து அவற்றையே வாசித்துக்கொண்டிருந்தார்கள். உயர்ந்த நோக்கத்தோடு துவங்கிய நல்ல வாலிபர்கள் அவர்கள். அப்படிப்பட்டவர்களையே நீடித்த பசி இவ்வளவு தூரம் கொண்டுபோயிற்று.

இதை வனவாசத் தபோதனர்கள் 1,500 ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தார்கள். எகிப்து தேசத்து வனாந்தரங்களில் துறவிகளோடு தங்கியிருந்து அவர்களுடைய உபதேசங்களை எழுதிவைத்த காசியான் என்பவர், ஏரோன் என்ற கிழவரின் சரித்திரத்தைச் சொல்லுகிறார். ஏரோன் ஐம்பது ஆண்டு வனத்தில் தபசு செய்தவர். மற்றெவரையும்விடக் கடினமாய் உபவாசித்தார். பாஸ்குத் திருநாளில் சகோதரர்கள் ஒன்றுகூடி உண்ணும்போதும், தன் ஒழுங்கு குலைந்துவிடும் என்று அவர்களோடு உட்காரமாட்டார். எவருடைய ஆலோசனையையும் கேட்கமாட்டார். கடைசியில் பசாசு சம்மனசு வேடத்தில் வந்து, "உன் புண்ணியத்தின் பலத்தால் கிணற்றில் குதித்தாலும் உனக்கு ஒன்றும் நேராது" என்று ஏமாற்ற, அவர் அதை நம்பி ஆழமான கிணற்றில் குதித்தார். சகோதரர்கள் அரும்பாடுபட்டு வெளியே தூக்கினார்கள். மூன்றாம் நாள் இறந்துபோனார்.

இந்தச் சரித்திரத்தைச் சொன்ன மோயீசன் என்னும் தபோதனர், மிதமிஞ்சிய உபவாசமும் பேருண்டியும் கடைசியில் ஒரே கேட்டில் கொண்டுபோய் விடும் என்று உபதேசித்தார். நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு ராத்தல் எடையுள்ள இரண்டு சிறு ரொட்டிகளை ஒழுங்காய் உண்பதே துறவிகளுக்குத் தகுந்த அளவென்று அவர் சொன்னார். சில நாள் பட்டினி கிடந்து, பிறகு வயிறு புடைக்க உண்பதைக் காட்டிலும், தினமும் அளவாய் உண்பதே மேல் என்பது அவர் கருத்து.

லொயோலா அர்ச். இஞ்ஞாசியாரும் இதை அநுபவத்தால் கற்றார். 1522-ல் மன்ரேசா என்ற ஊரில் மனக்கலக்கத்தால் வாதைப்பட்ட அவர், சமாதானம் கிடைக்கும்வரை உண்பதில்லை என்று ஒரு வாரம் முழுதும் வெறும் வயிறாய் இருந்தார். கலக்கம் தீரவில்லை. ஆத்தும குரு உபவாசத்தை நிறுத்தச் சொன்னார், அவரும் கீழ்ப்படிந்தார். பிற்காலத்தில், 1548-ல், கடுந்தபசு செய்துவந்த பிரான்சிஸ் போர்ஜியா பிரபுவுக்கு எழுதிய கடிதத்தில், உபவாசங்களைக் குறைத்து உடலைப் பலப்படுத்தும்படி அவர் புத்தி சொன்னார். உடல் தளர்ந்தால் உள்ளமும் சரியாய் வேலை செய்யாது என்பதை அவரைவிட நன்கு அறிந்தவர் யார்?

5. உபவாசம் மருந்தான கதை

மூளை நோயொன்றுக்கு உபவாசம் வழிகாட்டியதும் உண்டு. காக்காய் வலிப்பு கண்டவர்கள் உணவின்றி இருக்கும் நாட்களில் வலிப்பு குறைகிறதென்று அமெரிக்க வைத்தியர்கள் 1921-ல் அறிவித்தார்கள். ஆனால் எவ்வளவு நாள்தான் ஒரு குழந்தையைப் பட்டினி போடுவது? அதே ஆண்டில் மேயோ வைத்தியசாலையைச் சேர்ந்த ரஸ்ஸல் வைல்டர் என்பவர் ஒரு யுக்தி சொன்னார். மாச்சத்தை மிகவும் குறைத்து, கொழுப்பை மிகவும் கூட்டி உணவு கொடுத்தால், சாப்பிட்டுக்கொண்டே உபவாசத்தின் பலனை அடையலாம் என்றார். அப்போது உடலில் கீட்டோன்கள் உண்டாகும். 1938-ல் புதிய மாத்திரை வந்தபின் இந்தப் பத்தியம் மறக்கப்பட்டது. மருந்துகளுக்கு அடங்காத வலிப்புள்ள குழந்தைகளுக்காகப் பிறகு திரும்ப எடுக்கப்பட்டது. 2008-ல் லண்டனில் 145 பிள்ளைகளைக் கொண்டு செய்த பரீட்சையில், பத்தியம் இருந்தவர்களில் நூற்றுக்கு 38 பேருக்கு வலிப்பு பாதிக்குமேல் குறைந்தது. பத்தியமில்லாதவர்களில் நூற்றுக்கு 6 பேருக்கே அப்படிக் குறைந்தது.

இதைக் கேட்கும்போது அர்ச். மாற்கு சுவிசேஷத்தின் 9-ம் அதிகாரம் நினைவுக்கு வரலாம். நெருப்பிலும் தண்ணீரிலும் விழுந்து, வாயில் நுரை தள்ளி, விறைத்துப்போன சிறுவனைச் சேசுநாதர் குணமாக்கியபின், இவ்வகைப் பேய் செபத்தினாலன்றிப் போகாதென்று சீஷர்களுக்குச் சொன்னார். லத்தீன் வேதாகமத்தின் பழைய பிரதிகளில் செபத்தோடு உபவாசமும் சேர்ந்து வாசிக்கப்பட்டது. ஆயினும் அந்தப் புதுமையை உணவுப் பத்தியமாக்கிவிடக் கூடாது. தகப்பனுடைய விசுவாசத்தைக் கேட்டு வாங்கிய பிறகே ஆண்டவர் மகனைத் தூக்கிவிட்டார். வலிப்புள்ள பிள்ளையைப் பெற்றோர் தாங்களாகப் பட்டினி போடுவதோ மாத்திரையை நிறுத்துவதோ உயிருக்கே ஆபத்து. இந்தப் பத்தியம் ஆஸ்பத்திரியில், அளந்து, வைத்தியர் மேற்பார்வையில் கொடுக்கவேண்டிய ஒன்று.

இன்னொரு செய்தியும் அடிக்கடி பேசப்படுகிறது. பட்டினி கிடக்கும் உயிரணுக்கள் தங்களுக்குள் பழுதானவற்றைத் தாங்களே சிதைத்துத் திரும்பப் பயன்படுத்துகின்றன. ஜப்பானியரான யோஷினோரி ஓசுமி என்பவர் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரில் இதை ஆராய்ந்து 2016-ல் நோபல் பரிசு பெற்றார். எலிகளின் மூளைக்கும் உபவாசம் பலவிதத்தில் நன்மை செய்வதாகக் கண்டிருக்கிறார்கள். ஆனால் எலியில் கண்டதெல்லாம் மனிதனிடம் நிரூபணமாகிவிடவில்லை. உபவாசம் இருந்தால் முதுமையில் மறதி நோய் வராது என்று எவராவது மருந்தோ புத்தகமோ விற்க வந்தால் உங்கள் பணத்தைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள்.

6. யார் ஒருசந்தி இருக்கலாகாது?

1983-ல் வெளியான திருச்சபைச் சட்டத்தின்படி, 18 வயது நிறைந்தவர்கள் முதல் 59 வயது நிறைந்து 60-ம் வயது துவங்கும் வரையில் உள்ளவர்களையே ஒருசந்திக் கடமை கட்டுப்படுத்தும். 14 வயது நிறைந்தவர்களுக்குச் சுத்தபோசனக் கடமை உண்டு. வாலிபப் பருவத்தினர் பசியில் பின்தங்குகிறார்கள் என்று இன்று பரீட்சைகள் காட்டும்போது, தாயாகிய திருச்சபை தன் பிள்ளைகளின் வயதறிந்து நடப்பதைக் கண்டு சந்தோஷப்படுகிறோம்.

நோயாளிகள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், கடின உழைப்பாளிகள் ஆகியோர் தகுந்த காரணத்தால் இந்தக் கடமையினின்று நீங்கியிருக்கிறார்கள். முக்கியமாய்ச் சர்க்கரை வியாதிக்காரரைப் பற்றிச் சொல்லவேண்டும். நம் பங்குகளில் இன்று இந்த வியாதி இல்லாத தெரு இல்லை. இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்களும், சர்க்கரையைக் குறைக்கும் சிலவகை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் உணவை நிறுத்தினால் இரத்தத்தில் சர்க்கரை அளவுக்குமேல் இறங்கிவிடும். வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, பிறகு பேச்சுக் குழறல், புத்தி மாறாட்டம், மயக்கம், அதையும் கவனியாவிட்டால் மரணமும் நேரிடலாம். மூளைக்கு ஆகாரம் அற்றுப்போவதன் அடையாளங்களே இவை. இப்படிக் கண்டால் தாமதியாமல் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கவேண்டும். நினைவு தப்பியவர் வாயில் ஒன்றும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும்.

"அறுபது வருஷமாய் விடாத பெரிய வெள்ளி ஒருசந்தியை இப்போதா விடுவேன்?" என்று மகளுக்குத் தெரியாமல் பட்டினி கிடந்து இன்சுலினும் போட்டுக்கொள்ளும் பாட்டிமார் உண்டு. அன்புள்ள தாயே, சட்டம் உங்களைக் கேட்கவில்லை, ஆண்டவரும் கேட்கவில்லை. உங்கள் பிடிவாதத்தை விடுவதே உங்கள் ஒருசந்தி. வேளாவேளைக்கு உண்டு, அந்த நேரத்தில் துக்க தேவரகசியங்களைச் செபியுங்கள். மெலிந்துபோக வேண்டுமென்று தபசுகாலத்தைச் சாக்காக வைத்து உணவை ஒதுக்கும் இளம் பெண்களையும் பெற்றோர் கண்டறிந்து, வைத்தியரிடம் அழைத்துச் செல்லவேண்டும்.

7. ஒருசந்தியை நன்றாய் அநுசரிப்பது எப்படி?

முந்தின இரவு நன்றாய்த் தூங்குங்கள். விருந்துபோல் உண்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். காலையில் எழுந்ததும் அன்றைய ஒருசந்தியை ஒரு கருத்துக்காக ஒப்புக்கொடுங்கள். தண்ணீரோ நீர்மோரோ வேண்டிய மட்டும் குடியுங்கள். சிறு வேளைகளில் கஞ்சி, துவையல் போன்ற எளிய ஆகாரம் போதும். ஒருவேளைச் சாப்பாட்டில் பருப்பும் கீரையும் இருக்கட்டும். பிரயாசையான வேலைகளை உண்டபின் வைத்துக்கொள்ளலாம். கோபம் தலைகாட்டும்போது, அது பசியின் குரல் என்று அறிந்து பதில் சொல்லாதிருங்கள். மாலையில் செபத்துக்குக் கால்மணி நேரமாவது ஒதுக்குங்கள். உணவில் மிச்சமானதை அன்றே ஓர் ஏழை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

கடைசியாகச் சொன்னதே எல்லாவற்றிலும் பெரிது. வேதாகமத்தில் இசையாஸ் தீர்க்கதரிசி, 58-ம் அதிகாரத்தில், உபவாசம் இருந்துகொண்டே வழக்காடி வேலைக்காரரை வருத்துகிறவர்களைக் கண்டிக்கிறார். பசித்தவனுக்கு அப்பத்தைப் பகிர்ந்து கொடுப்பதே ஆண்டவருக்கு உகந்த உபவாசம் என்கிறார். ஒருசந்தியினால் நம் புத்தி தெளிந்ததா என்பதை அறிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. அடுத்த வீட்டில் அடுப்பு எரிந்ததா என்பது அன்று நம் கண்ணுக்குத் தெரிந்திருந்தால் புத்தி தெளிந்ததென்றே அர்த்தம்.

வீட்டிலும் சபைக் கூட்டங்களிலும் ஆலோசிக்க:

(அ) ஒருசந்தி நாளில் நமக்கு வரும் எரிச்சலும் தலைவலியும் எதனால் வருகின்றன? அவற்றைத் தவிர்க்க என்ன செய்யலாம்?

(ஆ) நம் வீட்டில் ஒருசந்தி இருக்கலாகாதவர் யார்? அவர்களுக்கு இதை அன்போடு எடுத்துச் சொல்லியிருக்கிறோமா?

(இ) இந்தத் தபசுகாலத்தில் நாம் மிச்சம் பிடித்த உணவும் பணமும் யாரைப் போய்ச் சேரும்?